ஒரே எரிச்சல், வேறு வேறு நோய்கள்
பின்னலாடைப் பகுதியில் அமில எதுக்களிப்பு நோயாளிகளை வகை பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே இருக்கும் மடத்துக்குளத்தில் மருந்துக்கடைக்குப் போய் ‘நெஞ்சு கரிக்குதுங்க, புளிச்ச தண்ணி மேல வருது’ என்று சொன்னால் போதும், மாத்திரை கிடைத்துவிடும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் டெய்லர், நூல்மில்லில் முழு நைட் முடித்து வேனில் வந்திறங்கும் பெண், அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கும் விவசாயி என யார் போய்ச் சொன்னாலும் பெரும்பாலும் பான்டோப்ரசோல்தான் கைக்கு வரும். தனியாக வரும், இல்லையென்றால் டாம்பெரிடோனுடன் சேர்ந்து வரும். ஊர்வழக்கில் அதற்குப் பெயர் ‘கேஸ் மாத்திரை’. மூன்று பேருக்கும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் அப்படிக் கொடுக்கிறோம்.

அந்த நினைப்பு சரிதானா என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது. அமில எதுக்களிப்பு ஒற்றை நோயில்லை. அதற்கு வகைகள் உண்டு. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமான ஆளைத் தேடிப் பிடிக்கிறது. எரிச்சல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. வயது, ஆணா பெண்ணா, இடுப்புச் சுற்றளவு, தொல்லை தொடங்கி எத்தனை வருடம், புகையிலைப் பழக்கம் ஆகிய ஐந்தும் எரிச்சலைவிட நம்பகமான துப்புக் கொடுக்கின்றன. காசில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை இவை.

வகைகள் பிரிந்த கதை

உணவுக்குழாயின் அடியில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரத்தில் மூடியிருப்பது அதன் வேலை. விழுங்காதபோதும் அது அடிக்கடி தளர்ந்தால், அல்லது இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறிக்கொண்டால், அமிலம் மேலே வரும். இந்த ஏற்றத்தைத்தான் மருத்துவர்கள் ஹையாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உள்போர்வை உண்டு, உணவுக்குழாய்க்கு இல்லை.

இந்த அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது என்று 1935-இல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்டைன் எழுதினார். 1950-இல் லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பேரட், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இரைப்பையினுடையது போன்ற உட்தோல் இருக்கும் நிலையை விவரித்தார். இரைப்பைதான் மேலே இழுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கருதியவர், 1957-இல் அது உணவுக்குழாயே என்று ஒப்புக்கொண்டார். அந்த நிலை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 2006-இல் வெளிவந்த மான்ட்ரியல் வரையறை, இரைப்பையில் உள்ளது மேலேறி ஆளுக்குத் தொந்தரவு தரும் அறிகுறிகளையோ சிக்கலையோ உண்டாக்கினால் அது நோய் என்றது. புண் இருந்தால்தான் நோய் என்ற கட்டாயம் அப்போது போயிற்று.

எண்டோஸ்கோபிக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால் உணவுக்குழாயின் உட்தோல் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும். கீழே போகப் போக ஓரிடத்தில் நிறம் சட்டென்று மாறி, இரைப்பையின் அடர்சிவப்பு தொடங்கும். இரண்டும் சேரும் கோடு நேராக இராது, மேலும் கீழுமாக வளைந்து ஓடும். புண் இருந்தால் அந்தக் கோட்டிலிருந்து மேல்நோக்கிச் சிவந்த கீறல்கள் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் வகைப்பாடு அந்தக் கீறல்களை அளந்து நான்கு தரமாகப் பிரிக்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதது ஏ. அதைவிட நீண்டது பி. இரண்டு மடிப்புகளுக்கிடையே தொடர்ந்து ஓடி, சுற்றளவில் முக்கால் பங்குக்குள் நிற்பது சி. முக்கால் பங்கையும் தாண்டியது டி. ஏ தரக் கீறல் நோயில்லாதவர்களிடமும் தென்படக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து எதுக்களிப்பு நோய் என்று முத்திரை குத்துவதில்லை.

இனி, பலரும் எதிர்பாராத செய்தி. நெஞ்செரிச்சலோடு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குக் குழாயில் ஒரு கீறலும் தெரிவதில்லை. இவர்களைப் புண் இல்லாத வகை என்று தனியே வைக்கிறார்கள். இந்த வகைக்குள்ளும் பிரிவு உண்டு. மூக்கு வழியாக மெல்லிய கம்பியை விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளந்தால், சிலருக்கு அமிலம் உண்மையிலேயே அதிகம் மேலேறியிருக்கும். சிலருக்கு ஏறும் அமிலம் இயல்பான அளவுதான், ஆனால் ஒவ்வொரு ஏற்றத்தையும் நரம்புகள் வலியாக உணர்கின்றன. இன்னும் சிலருக்கு அமிலத்துக்கும் எரிச்சலுக்கும் தொடர்பே இராது. இத்தாலியின் ஜெனோவாவில் சவரினோ குழுவினர் புண் இல்லாத 150 பேரை இப்படி அளந்தபோது 63 பேர் முதல் பிரிவிலும், 48 பேர் இரண்டாவதிலும், 39 பேர் மூன்றாவதிலும் வந்தார்கள். மூன்றாவது பிரிவைச் செயல்பாட்டு நெஞ்செரிச்சல் என்று சொல்வார்கள். 2016-இல் வந்த ரோம் நான்காம் வரையறை இந்தக் கடைசி இரண்டு பிரிவுகளையும் தெளிவாகப் பெயரிட்டு வைத்தது.

எந்த வகை, எந்த ஆளுக்கு

நோயாளிகளின் இயல்பை வகைவாரியாக ஒப்பிட்ட ஆய்வுகளில் மிகத் தெளிவாக நிற்பது ஆண்-பெண் விகிதம். 2005-இல் பிரிட்டனின் குக், வைல்டு, ஃபோர்மன் மூவரும் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். புண் இல்லாத வகையில் ஒரு பெண்ணுக்கு 0.72 ஆண், அதாவது பெண்களே அதிகம். புண் உள்ள வகையில் ஒரு பெண்ணுக்கு 1.57 ஆண். பேரட் நிலையில் ஒரு பெண்ணுக்கு 1.96 ஆண். நோய் ஆழமாக ஆக ஆண்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

புண் இல்லாத வகையினர் சராசரியில் வயது குறைந்தவர்கள், உடல் மெலிந்தவர்கள். ஹெர்னியா குறைவு. எரிச்சலோடு வயிற்று உப்புசம், மலச்சிக்கல் அல்லது அடிக்கடி மலம் கழிக்கும் தொல்லை, தூக்கக்கேடு, மனக்கவலை ஆகியவை சேர்ந்து வருவது இவர்களிடம் மிகுதி. கவலை சேர்ந்திருப்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. குழாயின் நரம்பும் மூளையும் சேர்ந்து வலியின் ஒலியைக் கூட்டி வைத்திருக்கின்றன. அந்த வலி நிஜம். மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பெண் ‘தாங்க முடியலைங்க’ என்று அழும்போது, ‘கேமரா விட்டுப் பார்த்தோம், ஒண்ணுமில்லை, போம்மா’ என்று அனுப்புவது பாதி மருத்துவம்தான்.

புண் உள்ள வகையைப் பற்றிய பெரிய சான்று ப்ரோஜெர்டு ஆய்வு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் 6,000-க்கு மேற்பட்ட எதுக்களிப்பு நோயாளிகளைச் சேர்த்துப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. ஆணாக இருப்பது, உடல் பருமன், வழக்கமான குடி, புகை, ஓராண்டுக்கு மேல் நீடித்த தொல்லை ஆகியவை புண்ணோடு சேர்ந்து நின்றன. இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தவர்களுக்குப் புண் குறைவாக இருந்தது. அந்தக் கிருமி இரைப்பையின் அமிலச் சுரப்பு மிகுந்த பகுதியை நாட்பட அழற்சியாக்கினால் சுரப்பே குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் இந்தக் கிருமி பரவலாக இருப்பது, கடும் புண் வகை இங்கே குறைவாக இருப்பதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதற்காகக் கிருமியை அப்படியே விட்டுவைக்கச் சொல்வதில்லை. வயிற்றுப்புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுக்கும் அது முக்கியக் காரணம்.

பேரட் நிலையில் இருப்பவர் இன்னும் வேறு ஆள். ஐம்பதைக் கடந்தவர், பெரும்பாலும் ஆண், தொப்பை உள்ளவர், புகைப்பவர், பல ஆண்டுகளாக எதுக்களிப்போடு வாழ்ந்து பழகியவர். வெளிறிய உட்தோலின் மேல் அடர்சிவப்பு, நாக்கு நாக்காக ஏறியிருப்பதைக் குழாயில் பார்க்கலாம். இவரிடம்தான் எரிச்சல் ஏமாற்றுகிறது. மாறிப்போன உட்தோலுக்கு அமிலத்தின் உறைப்பு குறைவாகவே தெரிகிறது. ‘முன்னே ரொம்பக் கரிச்சுதுங்க, இப்பப் பரவாயில்லை’ என்று சொல்பவர் ஆறிவிட்டார் என்று நினைக்கிறோம், அவருக்கு நோய் ஒரு படி ஏறியிருக்கக் கூடும். ஒரு சிறு பங்கினருக்கு இதிலிருந்து சுரப்பித்திசுப் புற்று வரலாம். 2022-இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க இரைப்பைக்குடலியல் கல்லூரியின் வழிகாட்டுதல், நாட்பட்ட எதுக்களிப்போடு ஆண், ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளையர், புகை, பருமன், குடும்ப வரலாறு ஆகியவற்றில் மூன்று சேர்ந்தால் எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்கிறது. வெள்ளையர் என்ற அளவுகோல் நமக்குப் பொருந்தாது. நம் நாட்டு உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பங்கு புகையிலையோடும் குடியோடும் வரும் செதிள்செல் வகை. ஆகவே இங்கே புகையிலையைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கு

2011-இல் இந்திய இரைப்பைக்குடலியல் சங்கத்தின் பணிக்குழு பல மையங்களில் 3,224 பேரைக் கேட்டறிந்தது. வாரம் ஒருமுறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ உள்ளவர்கள் 7.6 விழுக்காடு. அதே ஆண்டு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஊழியர்களிடம் எடுத்த கணக்கில் 16.2 விழுக்காடு. திருவனந்தபுரம் பகுதியில் வீடுவீடாகச் சென்று எடுத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 22.2 விழுக்காடு, நகர வாழ்க்கை, பருமன், பான்மசாலா மெல்லுதல் ஆகியவை அதில் காரணிகளாக வந்தன. தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான கணக்கு 2019-இல் வெளிவந்த வேலூர் ஆய்வு. மாவட்டத்தில் 8.2 விழுக்காடு, நகரத்தில் 11.1, கிராமத்தில் 5.1.

இந்த எண்களுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கம் ஓரளவு கேள்வித்தாளின் வேறுபாடு. வேலூரின் நகர-கிராம இடைவெளி மட்டும் ஒரே ஆய்வு, ஒரே கேள்விகள், இருமடங்கு வேறுபாடு. ஒரே மாவட்டத்து மக்கள், ஒரே சோறு. வாழ்க்கை முறை மாறிய இடத்தில் நோய் இரண்டு மடங்காகத் தெரிகிறது. மடத்துக்குளம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் நகரம் எங்கே முடிகிறது, கிராமம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கொழுமத்திலும் கணியூரிலும் வீடு கிராமத்தில் இருக்கலாம். சம்பளமும் ஷிஃப்டும் சாப்பாட்டு நேரமும் தொழிற்சாலையினுடையவை. நோயாளியின் இயல்பைக் குறிக்கும்போது ஊர்ப்பெயரை எழுதுவதைவிட ஷிஃப்டை எழுதுவது பயனுள்ளது என்பேன்.

பருமனையும் நம் அளவில்தான் அளக்க வேண்டும். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டும்போதே கவனிக்கச் சொல்கிறார்கள். ஒல்லியான கையும் காலும் கொண்டு, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் ஆள் நம் பகுதியில் சாதாரணம். எடைபார்க்கும் கருவி அவரைத் தேறியவராகக் காட்டும். டேப்பை இடுப்பில் சுற்றினால் உண்மை தெரியும். இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுவது அந்தத் தொப்பைதான்.

ஷிஃப்டும் பஞ்சுத் தூசியும்

தூங்கும்போது விழுங்குவது குறைகிறது, எச்சில் சுரப்பு குறைகிறது. அமிலத்தைக் கழுவிக் கீழே அனுப்பும் இரண்டும் படுத்துவிடுவதால், தூக்கத்தில் ஏறிய அமிலம் குழாயில் நெடுநேரம் தங்குகிறது. இரவு ஏற்றம் உள்ளவர்களிடம் புண்ணும் சிக்கலும் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். ‘ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிச்சிருங்க’ என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் முழு நைட் பார்ப்பவருக்கு அது பொருந்தாது. அவருக்கு இரவு என்பது காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்து பசியில் வயிறு நிறைய இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டு, அப்படியே பாயில் சாய்வார். அவரிடம் சொல்ல வேண்டியது வேறு: ஷிஃப்ட் முடியும் முன்பே பாதிச் சாப்பாட்டை முடியுங்கள், வீட்டுக்கு வந்ததும் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அரையடி உயரத்தில் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும்.

டெய்லர் மெஷினில் பன்னிரண்டு மணி நேரம் முன்குனிந்து உட்கார்வதும், மூட்டை தூக்குவதும் வயிற்றின் உள்ளழுத்தத்தைக் கூட்டும். முதுகுவலிக்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக் இரைப்பையையே புண்ணாக்கும். இரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் வளையத் தசையைத் தளர்த்தக் கூடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைத் தரும் ஊழியர் நெஞ்செரிச்சலைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டால் பல பேருக்கு வழி திறக்கும். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவர் மாற்றித் தருவார்.

இருமலுக்கு இங்கே தனி எச்சரிக்கை வேண்டும். எதுக்களிப்பு குரல்வளையைத் தொட்டுத் தீராத இருமலும் குரல்கம்மலும் தரும் என்பது உண்மை. ஆனால் நூல்மில்லில், அதிலும் பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்பவருக்கு இருமல் வந்தால், பஞ்சுத்தூசி நுரையீரலைத் தாக்கும் பிஸினோசிஸ் நோயை முதலில் நினைக்க வேண்டும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாள் தளர்வது அதன் தொடக்கக் குறி. ‘லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் அதிகமா இருக்கா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். அவருக்கு மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் நுரையீரல் அதற்குள் கெட்டுவிடும்.

ஒரே மாத்திரையின் எல்லை

அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரைகள் அருமருந்துகள். புண்ணை ஆற்றுவதில் அவற்றுக்கு நிகரில்லை. வகை தெரியாமல் கொடுக்கும்போதுதான் அவை தோற்கின்றன. 2004-இல் தொகுத்த கணக்கில், நான்கு வாரத்தில் எரிச்சல் போதிய அளவு அடங்கியவர்கள் புண் உள்ள வகையில் சுமார் 56 விழுக்காடு, புண் இல்லாத வகையில் 37 விழுக்காடு. 2012-இல் வந்த மற்றொரு தொகுப்பு, அமிலம் அளந்து உறுதிசெய்த புண் இல்லாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது இரண்டு வகைக்கும் பலன் ஒன்றே என்று காட்டியது. முன்பு மருந்து தோற்றதுபோல் தெரிந்தது, அமில நோயே இல்லாதவர்களையும் கணக்கில் சேர்த்ததால்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் கண்திறப்பது. ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். உணவுக்கு முன் சரியாக விழுங்கச் சொல்லிக் கொடுத்ததிலேயே 42 பேருக்குச் சரியாயிற்று. 99 பேருக்குச் செயல்பாட்டு நெஞ்செரிச்சல், 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய். இன்னும் பலர் இடையில் விலக, கடைசியில் உண்மையான எதுக்களிப்பால் மருந்துக்கு அடங்காதவர்கள் என்று சிகிச்சை ஒப்பீட்டுக்குத் தேறியவர்கள் 78 பேர். அவர்களில் அறுவை செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கும், கூடுதல் மருந்து எடுத்தவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் பலன் கிடைத்தது. வகை பிரித்ததால்தான் கத்தி யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது தெரிந்தது.

தேவையில்லாமல் தொடங்குவதற்கும் விலை உண்டு. 2009-இல் டென்மார்க்கில் எரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்தினார்கள். 44 விழுக்காட்டினருக்குப் புதிதாக அமிலத் தொல்லை வந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 15 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. அடக்கி வைத்த சுரப்பு, நிறுத்தியதும் கூடுதலாகப் பொங்குகிறது. ‘விட்டா திரும்ப வருதுங்க’ என்று வருடக்கணக்கில் விழுங்குபவர்களில் எத்தனையோ பேரைப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சுழல்தான். மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த மருத்துவர் வழிசொல்வார்.

செய்யக் கூடியது

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் மருந்துச்சீட்டின் மேல் ஆறு விவரம் எழுதினால் போதும்: வயது, ஆணா பெண்ணா, இடுப்புச் சுற்றளவு, எத்தனை வருடத் தொல்லை, புகையிலையும் குடியும், எந்த ஷிஃப்ட். இளம் வயது, மெலிந்த உடல், எச்சரிக்கைக் குறி ஏதுமில்லை என்றால், காலை உணவுக்கு அரைமணி முன் தினம் ஒரு மாத்திரை, நான்கு முதல் எட்டு வாரம், பிறகு நிறுத்திப் பார்க்கலாம். அடங்காவிட்டால் மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதைவிட, அமில அளவுச் சோதனைக்கோ நரம்பின் உறைப்பைக் குறைக்கும் சிகிச்சைக்கோ அனுப்புவது நல்லது. ஐம்பதைத் தாண்டியவர், தொப்பை, ஐந்து வருடத்துக்கு மேல் தொல்லை, புகையிலை என்று சேர்ந்தால் எரிச்சல் லேசாக இருந்தாலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் ஒருமுறை எண்டோஸ்கோபி பார்த்துவிட வேண்டும்.

விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, இரத்த வாந்தி, கறுப்பு மலம், இரத்தசோகை ஆகியவை தெரிந்தால் வயதையும் வகையையும் பார்க்கக் காத்திருக்கக் கூடாது. வேலை செய்யும்போதோ படியேறும்போதோ நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது இதயம். கேஸ் என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் உயிரை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த ஆறு விவரங்களையும் இரண்டு வருடம் ஒழுங்காக எழுதி வைத்தால், பின்னலாடைப் பகுதிக்கென்று ஒரு ஒப்பீடு நம் கையில் இருக்கும். முழு நைட் பார்ப்பவரின் குழாயில் புண் கூடுதலா, மில் பெண்களின் எரிச்சலில் அமிலத்தின் பங்கு எவ்வளவு, தொப்பைக்கும் புகையிலைக்கும் இங்கே எது முந்துகிறது என்ற கேள்விகளுக்கு ஜெனோவாவும் ஜெர்மனியும் பதில் சொல்லித் தர முடியாது. பதில் இங்குள்ள தொழிலாளிகளின் உடம்பில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்வது அவர்களுக்கு மருத்துவம் செய்யும் ஒவ்வொருவரின் கடமை. கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.